விடுவிப்பு வேறு, விடுதலை வேறு: குற்ற வழக்குகளில் இரு சொற்களின் பொருள் என்ன?

புதுதில்லி: குற்ற வழக்குகள் தொடர்பான ஆங்கிலச் செய்திகளில் 'டிஸ்சார்ஜ்', 'அக்விட்டல்' ஆகிய இரு சொற்கள் அடிக்கடி இடம்பெறுகின்றன. தமிழில் இவை இரண்டுமே பல நேரங்களில் 'விடுதலை' என்றே குறிப்பிடப்படுகின்றன. ஆனால், சட்டத்தின் பார்வையில் இவை வெவ்வேறானவை. ஒருவர் அதே வழக்கை மீண்டும் சந்திக்க நேரிடுமா என்பது இந்த வேறுபாட்டையே பொருத்தது.

முதலாவது, வழக்கிலிருந்து விடுவிப்பது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்ட பிறகு, குற்றச்சாட்டுகள் பதிவு செய்யப்படுவதற்கு முன்பு இது நிகழ்கிறது. வழக்கைத் தொடரப் போதிய முகாந்திரம் இல்லை என நீதிபதி கருதினால், காரணங்களைப் பதிவு செய்து குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவிக்கலாம். 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 250-ஆவது பிரிவு, அமர்வு நீதிமன்ற வழக்குகளில் இதற்கு வகை செய்கிறது. வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் இதற்கான மனுவைத் தாக்கல் செய்யலாம்.

இரண்டாவது, குற்றச்சாட்டிலிருந்து விடுதலை செய்வது. பொதுவாக, சாட்சி விசாரணைக்குப் பிறகு, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்ற முடிவுக்கு நீதிமன்றம் வரும்போது இது வழங்கப்படுகிறது.

தில்லி சிறப்பு நீதிமன்ற நீதிபதி ஓ.பி.சைனி 2017-இல் பிறப்பித்த இரு உத்தரவுகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஏர்செல்-மேக்சிஸ் விவகாரத்தில் முன்னாள் மத்திய அமைச்சர் தயாநிதி மாறன், அவரது சகோதரர் கலாநிதி மாறன் உள்ளிட்டோர் பிப்ரவரி 2-இல் குற்றச்சாட்டுப் பதிவுக்கு முன்பே விடுவிக்கப்பட்டனர். 2ஜி அலைக்கற்றை வழக்கிலோ, 2011-இல் தொடங்கிய விசாரணை முழுமையாக நடைபெற்ற பிறகு, ஆ.ராசா, கனிமொழி உள்ளிட்டோர் டிசம்பர் 21-இல் விடுதலை செய்யப்பட்டனர்.

விடுதலைத் தீர்ப்பு நடைமுறையில் இருக்கும் வரை, அதே குற்றத்துக்காக ஒருவரிடம் மீண்டும் விசாரணை நடத்த 337-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. வழக்கிலிருந்து விடுவிக்கப்படுவது விடுதலை ஆகாது என அதே பிரிவின் விளக்கம் தெளிவுபடுத்துகிறது. எனவே, விடுவிக்கப்பட்டவருக்கு எதிராகப் புதிய ஆதாரங்கள் கிடைத்தால் மீண்டும் நடவடிக்கை எடுக்க வாய்ப்புண்டு. விடுதலை பெற்றவருக்கு எதிராக அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யலாமே தவிர, அதே குற்றத்துக்குப் புதிதாக வழக்குத் தொடர முடியாது.

ஜாமீனில் வெளிவருவதையும் 'விடுதலை' எனக் குறிப்பிடும் வழக்கம் உள்ளது. அது சிறையிலிருந்து வெளிவருவது மட்டுமே. வழக்கு தொடர்ந்து நிலுவையில் இருக்கும்.