பழியைப் பயனாளி மேல் போடாதீர்கள்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரே மாதிரியான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. பத்திரமாகத் தரையிறங்கி ஓடுபாதையில் வந்துகொண்டிருக்கும்போது, இறக்கை மடல்களை மடக்க வேண்டிய விமானி சக்கரங்களை மடக்கிவிடுவார். விமானம் வயிறு தரையில் உரசி நிற்கும். விமானியின் கவனக்குறைவு என்றே பதிவானது. உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ் 1943-இல் விமானி அறையைப் பார்த்தபோது, இரண்டு விசைகளும் அடுத்தடுத்து, ஒரே உருவத்தில் இருப்பதைக் கவனித்தார். சக்கர விசையின் நுனியில் சின்னச் சக்கரம் போன்ற குமிழும் மடல் விசையில் ஆப்பு வடிவக் குமிழும் பொருத்தினால், இருட்டில் தடவினாலே எது எதுவென்று தெரிந்துவிடும். டிசைன் படிக்கும் மாணவருக்கு அறிவியல் தத்துவம் எதற்கு என்று கேட்பவர்கள், 'கவனக்குறைவு' என்ற அந்த ஒற்றைச் சொல்லைச் சற்று யோசிக்க வேண்டும்.

எது நடந்தால் தன் கூற்று பொய்யாகும் என்று முன்கூட்டியே சொல்லத் தயாராக இருப்பதுதான் அறிவியலின் அடையாளம் என்று 1934-இல் தத்துவவியலாளர் கார்ல் பாப்பர் வாதிட்டார். ஆனால் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் டுயெம் 1906-லேயே ஒரு சிக்கலைக் காட்டியிருந்தார். எந்தச் சோதனையும் ஒரு கருதுகோளைத் தனியாகச் சோதிப்பதில்லை. கருவி சரி, சூழல் சரி என்ற பல அனுமானங்கள் அதோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. முடிவு தப்பினால் எதன் மேல் வேண்டுமானாலும் பழி போடலாம். டிசைனில் பழி சுமக்க எப்போதும் ஓர் ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்: பயன்படுத்துபவர். அவர் சொன்னபடி செய்யவில்லை என்ற ஒரு வரி போதும், எந்த வடிவமைப்பும் தோல்வியிலிருந்து தப்பிவிடும். கூடவே, கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் போய்விடும்.

ஒடிசா கிராமங்களில் நடந்த புகையில்லா அடுப்பு ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். பொருளியலாளர்கள் ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் செய்த ஆய்வு அது. புகைபோக்கி வைத்த மண் அடுப்பு முதலில் யாருக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் அந்த வீடுகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஆண்டில் சமைக்கும் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் வெற்றி என்று அறிக்கை எழுதியிருக்கலாம். ஆனால் போகப்போக அந்தப் பலன் மறைந்தது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவில்லை, பல வீடுகளில் பயன்பாடே குறைந்துபோனது. உடல்நலத்திலும் முன்னேற்றம் தென்படவில்லை. இதற்கு மக்களின் அறியாமையைக் காரணம் சொல்பவர் உண்டு. ஆனால் புகைபோக்கியைத் தவறாமல் சுத்தம் செய்ய ஆளும் நேரமும் இருக்கும் என்ற அனுமானத்தின் மேல் நின்ற அடுப்பு அது. அந்த அனுமானமும் அடுப்பின் ஒரு பாகம்தான் என்பது என் கட்சி. செங்கல்லும் மண்ணும் போல அதையும் சோதித்திருக்க வேண்டும்.

வடிவமைப்பு அறிவியல் அல்லவே என்று ஆட்சேபிக்கலாம். 1973-இல் ஹோர்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெப்பரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, சமூகத் திட்டமிடலின் சிக்கல்களுக்கு மெய், பொய் என்ற விடை கிடையாது, நல்லது, கெட்டது என்ற விடைதான் உண்டு என்றது. உண்மைதான். எது நல்ல சமையலறை என்பதை எந்தச் சோதனையும் தீர்மானிக்காது. ஆனால் 'இந்த அடுப்பு புகையைக் குறைக்கும்' என்று சொன்ன கணமே உலகைப் பற்றி ஒரு கூற்றை வைத்துவிடுகிறோம். அதற்கு மெய்யும் உண்டு, பொய்யும் உண்டு. சோதனை கற்பனையை முடக்கும் என்ற பயமும் வீண். யோசனை எப்படிப் பிறக்கிறது என்பதில் பாப்பர் தலையிடவே இல்லை. கனவில் வந்தாலும் சரி, வந்த பிறகு தாக்குப்பிடிக்கிறதா என்பதே அவருடைய கேள்வி.

நியாயமான ஆட்சேபம் வேறொன்று. ஒரு பருவத்துக்குள் புராஜெக்டை முடிக்க வேண்டிய மாணவர், எட்டுப் பேரிடம் காட்டி என்ன நிரூபித்துவிட முடியும்? நிரூபிக்க முடியாதுதான். எட்டுப் பேரும் தலையாட்டினால் அது பெரும்பாலும் மரியாதைக்காகவே இருக்கும். ஆனால் அந்த எட்டில் மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால், யாருக்கும் குழப்பமில்லை என்ற கூற்று அங்கேயே விழுந்துவிடும். சிறு மாதிரியின் பலம் ஆமோதிப்பதில் இல்லை, மறுப்பதில் இருக்கிறது. அதற்கு, அடுப்பு வடிவமைக்கும் மாணவர் என்றால், வீடுகளுக்குப் போவதற்கு முன்பே தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும்: பருவத்தின் கடைசி வாரத்தில், யாரும் நினைவூட்டாமல், பெரும்பாலான வேளைச் சமையல் இந்த அடுப்பில் நடக்கும், நடக்காவிட்டால் தோற்றது அடுப்பு, சமைப்பவர் அல்ல.