வீட்டைப் புதுப்பிக்கப் போறீங்களா? காண்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் பாருங்க!

கம்பம், போடி பக்கம் பழைய வீட்டை லட்சக்கணக்கில் செலவு செய்து புதுப்பிக்கப் போறீங்களா? 'நம்ம ஊர்க்காரர்தானே' என்று வாய்ப்பேச்சை நம்பி அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க.

▪ அவர் முடித்துக் கொடுத்து ஒரு மழைக்காலமாவது தாண்டிய வீட்டை நேரில் பாருங்க. ஒழுகுதா என்று வீட்டுக்காரரிடமே கேளுங்க.

▪ ஹாலைப் பெரிதாக்க சுவரை இடிக்கணுமா? அது மேல்தளத்தைத் தாங்கும் சுவரா என்று முதலில் இன்ஜினியரிடம் காட்டுங்க.

▪ சிமெண்ட், ஒயர், டைல்ஸ் பிராண்ட், முடிக்கும் தேதி எல்லாத்தையும் ஒப்பந்தமா எழுதி வாங்குங்க.

▪ வேலை முடிய முடியப் பணம் கொடுங்க. ரசீது கட்டாயம்.

ஏமாந்தால் என்ன செய்வது?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டு கட்டுமானமும் 'சேவை'தான். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால், தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். உதவி எண் 1915. அப்போ கைகொடுக்கப் போறது அந்த ஒப்பந்தமும் ரசீதும்தான்.