எலி தின்னும் பூனைக்கு யார் காவல்?

"எலித் தொல்லைக்கு என்னங்க பண்றீங்க?" என்று இயற்கை விவசாயிகள் கூடும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர், "பூனை வளர்க்கிறோம்" என்பார்கள். நல்ல பதில்தான். வேடசந்தூர் பக்கம் இருக்கும் என் தோட்டத்திலும் பூனைகள் உண்டு. மக்காச்சோளக் கதிரும் சின்ன வெங்காயப் பட்டறையும் இருக்கிற இடத்தில் பூனை இல்லாமல் காலம் தள்ள முடியாது.

ஆனால் அடுத்த கேள்வியை நாம் கேட்பதில்லை. அந்த எலியோடு சேர்ந்து பூனையின் வயிற்றுக்குள் வேறு என்னவெல்லாம் போகிறது? அது அங்கிருந்து எங்கே போகிறது? எலியின் உடம்பில் விஷம் இருக்கலாம், புழு இருக்கலாம், கிருமி இருக்கலாம். எல்லாவற்றையும் முதலில் வாங்கிக்கொள்வது பூனைதான். பிறகு நம் மண்ணுக்கும் ஆட்டுக்கும் வீட்டுக்கும் வருகிறது.

பக்கத்துக் காட்டு விஷம்

போன தை மாதம் கதிர் உடைக்கிற நேரம். என் பூனைகளில் ஒன்று தட்டைப் போர் ஓரமாகச் செத்துக் கிடந்தது. பாம்பு கடித்திருக்கும் என்றார்கள். இரண்டு நாள் கழித்து இன்னொன்று தீனிக்கு வரவில்லை. தேடிப் பார்த்தால் திண்ணைக்கு அடியில் சுருண்டு கிடந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. மூக்கு ஓரத்தில் ரத்தம். கூடையில் போட்டுத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனேன். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "அக்கம்பக்கத்துல யாராச்சும் எலி மருந்து வெச்சிருக்காங்களா?" என்பதுதான்.

வைத்திருந்தார்கள். பக்கத்துக் காட்டுக்காரத் தம்பி, மக்காச்சோளத்துக்குள் கேக் வைத்திருந்தார். கேட்டபோது ஒளிக்கவில்லை. "எலிக்குத்தானேண்ணே வெச்சேன், பூனைக்கா வெச்சேன்?" என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் விஷத்துக்கு வரப்பு தெரியாது.

கடைகளில் எலி கேக் என்று கிடைப்பதில் பெரும்பாலும் இருக்கும் மருந்து புரோமடியோலோன். அளவு 0.005 சதவீதம், அதாவது ஒரு கிலோ கேக்கில் 50 மில்லிகிராம். பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும். ரத்தம் உறைவதற்கு உடம்புக்கு வைட்டமின் கே வேண்டும். அந்த வைட்டமினைத் திரும்பப் பயன்படுத்த முடியாதபடி இந்த மருந்து செய்துவிடுகிறது. தின்ற எலி உடனே சாகாது. மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதற்குள் தினமும் வந்து மேலும் மேலும் தின்னும். மருந்து அதன் ஈரலில் சேரும். கடைசி நாட்களில் பகலிலேயே வெளியே வந்து தள்ளாடி நடக்கும். பூனைக்கு அதைவிடச் சுலபமான இரை உண்டா? கூகைக்கும் சாரைப் பாம்புக்கும் இதே கதிதான். எலியைத் தின்று நமக்கு உதவுகிற மூன்று உயிர்களையும் சேர்த்துக் கொல்கிற மருந்தை எலி மருந்து என்று எப்படிச் சொல்வது?

நல்ல செய்தி, இதற்கு மாற்று மருந்து உண்டு. வைட்டமின் கே1 ஊசியும் மாத்திரையும்தான் அது. ஆனால் ஒரு ஊசியோடு முடியாது. ஈரலில் தங்கிய விஷம் வாரக்கணக்கில் வேலை செய்யும் என்பதால் மூன்று, நான்கு வாரம் தொடர்ந்து கொடுக்க வேண்டும். இடையில் பூனை தெளிந்துவிட்டது என்று நிறுத்தினால் மறுபடி ரத்தம் கசியும். என் பூனை நான்கு வாரம் மாத்திரை தின்று பிழைத்தது.

மற்ற இரண்டு விஷங்களுக்கு இந்த வசதியும் கிடையாது. ஒன்று துத்தநாக பாஸ்பைடு, கருஞ்சாம்பல் நிறப் பொடி. வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும். செத்த எலியின் குடலில் கரையாமல் கிடக்கும் மருந்து, அதைத் தின்னும் பூனையின் வயிற்றில் வேலையைத் தொடங்கும். இதைத் தின்றதாகச் சந்தேகம் வந்தால் பாலோ சோறோ கொடுக்காதீர்கள். தீனி போனால் அமிலம் கூடும், வாயுவும் கூடும். பூனை வாந்தி எடுத்தால் அதன் அருகே குனிந்து முகராதீர்கள். அந்த வாயு நமக்கும் ஆகாது. இன்னொன்று மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை. தேங்காய்ச் சில்லில் தடவி வைப்பது. இது நேராக ஈரலைத் தாக்கும். மாற்று மருந்தே இல்லை. இதனால் தமிழ்நாட்டில் பறிபோன மனித உயிர்கள் எத்தனையோ. அப்படிப்பட்ட பொருளைச் சமையலறை மூலையில் வைக்கத்தான் வேண்டுமா?

விஷம் இல்லாத எலியிலும் இருப்பது

"நாங்க விஷமே வெக்கிறதில்ல, எங்க பூனைக்கு என்ன?" என்று கேட்கலாம். நோய்க் கணக்கு தனி.

முதலில் எலிக்காய்ச்சல். 1993-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் மதுரை மாவட்டத்தில் பெரு வெள்ளம் வந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அடுத்த சில மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, கண்ணுக்குள் அழற்சியோடு ஆட்கள் வரிசையாக வந்தார்கள். அங்கிருந்த மருத்துவர் எஸ்.ஆர். ரத்தினமும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தபோது, காரணம் லெப்டோஸ்பைரா என்று தெரிந்தது. எலியின் சிறுநீரில் வெளிவரும் கிருமி அது. வெள்ள நீர் அதை ஊரெங்கும் பரப்பியிருந்தது. நமக்குப் பக்கத்து மாவட்டத்தில் நடந்த சங்கதி இது.

இந்தக் கிருமி பூனையைப் பெரும்பாலும் படுக்கப் போடாது. ஆனால் எலி தின்ற பூனை, நோய் தெரியாமலேயே தன் சிறுநீரில் இதை வெளியேற்ற முடியும் என்று கண்டிருக்கிறார்கள். ஈரமான இடத்தில்தான் இது பிழைக்கும். வெயிலும் காய்ச்சலும் பட்டால் செத்துவிடும். ஆகவே மழைக்காலத்தில் மாட்டுத் தொட்டி, ஜீவாமிர்தத் தொட்டி, பூனைக்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் மூடவோ தினமும் கழுவவோ வேண்டும். பாத வெடிப்போடு வெறுங்காலில் சேற்றில் இறங்காதீர்கள்.

இரண்டாவது டாக்சோபிளாஸ்மா. நம்மைப் போன்றவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். இந்த நுண்ணுயிரி எலியின் தசையிலும் மூளையிலும் தங்கியிருக்கும். முதன்முதலாக எலி பிடிக்கக் கற்றுக்கொள்ளும் குட்டிப் பூனை அதைத் தின்றால், பூனையின் குடலில் அது பெருகி, ஒன்று முதல் மூன்று வாரம் வரை மலத்தில் லட்சக்கணக்கில் முட்டை போன்ற நுண்கூடுகளாக வெளியேறும். பூனையின் குடல்தான் இதற்கு மூல வீடு என்பது 1970-ல்தான் தெளிவாயிற்று. அதைக் கண்டவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த கால்நடை விஞ்ஞானி ஜே.பி. துபே.

பெரும்பாலான பூனைகள் இதனால் வாடுவதில்லை. பிரச்சினை அதற்குப் பிறகு. ஈர மண்ணில் இந்தக் கூடுகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பூனை, மெதுவான மண்ணைத் தேடித்தான் மலம் கழிக்கும். நம் கீரைப் பாத்தியும் மண்புழு உரக் குழியும் அதற்கு வாகான இடம். அடர்தீவன மூட்டைமேல் கழித்தால் அதைத் தின்னும் சினை ஆடு குட்டி வீசும். கர்ப்பிணிப் பெண்ணுக்குப் புதிதாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து.

பயந்து பூனையை விரட்ட வேண்டாம். வெளிவந்த கூடு நோய் தரும் பக்குவத்துக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். தினமும் அப்புறப்படுத்தினால் ஆபத்து பெருமளவு குறைந்துவிடும். பூனைக்கென்று ஒரு மூலையில் ஆற்று மணல் கொட்டி வையுங்கள், பழகிக்கொள்ளும். அந்த மலத்தைக் காய்கறிக்குப் போகும் உரக் குழியில் சேர்க்காமல் தனியாக ஆழப் புதையுங்கள். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். கீரையை நன்றாக அலசுங்கள்.

மூன்றாவது புழு. எலியைக் கிழித்தால் ஈரலில் வெள்ளையாகப் பட்டாணி மாதிரி கட்டி சில நேரம் தெரியும். நாடாப்புழுவின் இளம் பருவம் அது. பூனை அதைத் தின்றால் குடலில் முழு நாடாப்புழுவாக வளரும். நன்றாகத் தின்றும் தேறாத பூனை, வாலடியில் அரிசி போல ஒட்டியிருக்கும் துண்டுகள் - இவை அடையாளம். வேட்டையாடும் பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாடாப்புழுவுக்கும் சேர்த்து மருத்துவர் சொல்லும் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும்.

நான்காவது கடி. பெருச்சாளி லேசில் விடாது, திருப்பிக் கடிக்கும். மேலே பொட்டுக் காயம்தான் தெரியும். உள்ளே நாலைந்து நாளில் சீழ்க்கட்டி வைக்கும். பூனைக்குக் காய்ச்சல் வந்தால் நம் பாராசிட்டமால் மாத்திரையைப் பாதி கூடக் கொடுத்துவிடாதீர்கள், பூனையைக் கொன்றுவிடும். எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி ஏறினாலும், நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்குப் போடக் கூடாது.

பிளேக் காலத்துப் பூனை

நூறு வருடத்துக்கு முன்னால் பூனையைப் பற்றி இன்னும் பெரிய நம்பிக்கை இருந்தது. அமராவதியில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் புக்கானன், பூனை நிறைய இருக்கும் ஊர்களில் பிளேக் குறைவு என்று 1908-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். பிளேக்குக்கும் நமக்கும் தூரம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் அந்த நோய் இருந்து, அங்கே எலிகளையும் தெள்ளுகளையும் பற்றி நடந்த ஆய்வு 1934-ல் வெளியாயிற்று. எலி குறைந்தால் பிளேக் குறையும் என்பதில் தவறில்லை. ஆனால் பூனைக்கே பிளேக் எளிதில் தொற்றும், அதனிடமிருந்து மனிதருக்கும் வரும் என்பது பின்னாளில் அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் உறுதியாயிற்று. இன்று இங்கே பிளேக் பயம் இல்லை. ஆனால் எலியைப் பெருக விட்டுப் பூனையை மட்டும் காவலுக்கு நிறுத்தினால், காவல்காரனே நோய்க்கு வாசலாகிவிடுவான் என்பது எலியால் வரும் எல்லா நோய்க்கும் பொருந்தும்.

முதலில் எலி, பிறகு பூனை

ஆகவே பூனை கடைசிக் காவலாக இருக்கட்டும். அதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டியவை இவை.

வரப்பை ஒன்றரை அடி அகலத்துக்கு மேல் விடாதீர்கள்; அகல வரப்புதான் எலிக்கு மாளிகை. அறுவடை முடிந்த கையோடு, அடுத்த விதைப்புக்கு முன் வளை வெட்டுங்கள். தஞ்சாவூர்க் கிட்டி வையுங்கள். பறவை உட்கார 'டி' வடிவக் குச்சி நட்டால் இரவில் கூகை வந்து உட்காரும். தட்டைப் போரை வீட்டோடும் பட்டறையோடும் ஒட்டிப் போடாதீர்கள். தானியத்தையும் தீவனத்தையும் மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். வெங்காயப் பட்டறையைத் தரையிலிருந்து உயர்த்தி, கால்களுக்குத் தகரம் சுற்றுங்கள். அரை அங்குல ஓட்டை போதும், எலி நுழைந்துவிடும். சுண்டெலிக்கு அதில் பாதி போதும்.

எலிப் புழுக்கை கிடக்கும் அறையை அப்படியே விளக்குமாறு போட்டுக் கூட்டாதீர்கள். தூசி மூக்குக்குள் போகும். கதவு, சன்னலைத் திறந்துவைத்து, பிளீச்சிங் கரைசலோ சோப்புத் தண்ணீரோ தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டுத் துணியால் அள்ளுங்கள். பூனைத் தீனியை இரவு முழுவதும் வெளியே வைக்காதீர்கள். அதைத் தின்ன எலி வரும், சிறுநீர் கழித்துவிட்டுப் போகும், மிச்சத்தைக் காலையில் பூனை தின்னும்.

பட்டினி போட்டால்தான் பூனை எலி பிடிக்கும் என்பது தவறான நம்பிக்கை. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். ஆனால் பிடித்ததையெல்லாம் தின்னாது. அதுவே அதற்குப் பாதுகாப்பு. வருடம் ஒருமுறை வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.

எங்கள் பக்கம் ஐந்து தோட்டக்காரர்கள் கேணி மேட்டில் உட்கார்ந்து ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். கிட்டி வைப்பதும் வளை வெட்டுவதும் ஐந்து காட்டிலும் ஒரே வாரத்தில். தனித்தனியாகச் செய்தால் எலி இந்தக் காட்டிலிருந்து அந்தக் காட்டுக்குக் குடிபோகும், அவ்வளவுதான். யாராவது கேக் வைத்தே தீருவேன் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தினமும் காலையில் செத்த எலியைப் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். அந்த நாட்களில் மற்றவர்கள் பூனையை அறையில் அடைத்துக்கொள்வோம். கேக் வைத்த தம்பிதான் இந்தத் தடவை கிட்டிக்கு மூங்கில் வெட்டிக் கொடுத்தார். எலி முழுதாக ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் போகத்தில் ஐந்து காட்டிலும் கேக் வைக்கவில்லை. ஒரு பூனையும் சாகவில்லை. உங்கள் ஊரிலும் விதைப்புக்கு முன்னால் அக்கம்பக்கத்தாரை ஒருநாள் கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள்.