காவிரிக்கரை வகுப்பறைகள் – 9
35 மதிப்பெண்ணும் 100 சதவீதமும்

மார்ச் வந்தால் திருச்சி தெப்பக்குளம் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் 'மினிமம் மெட்டீரியல்' கட்டுக்கட்டாகப் பிரதி ஆகும். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு உள்ளதைப் புரட்டிப் பாருங்கள். முதல் பக்கங்களில் இருப்பவை வடிவொத்த முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு, வரைபடம். வினாத்தாளின் கடைசிப் பகுதியில் ஒரு வரைதல் கணக்கும் ஒரு வரைபடக் கணக்கும் வரும். எட்டும் எட்டும் பதினாறு. ஒன் வேர்டில் ஏழெட்டு தேறினால், இரண்டு மதிப்பெண் கேள்விகளில் மீதியைத் தேற்றி 35-ஐத் தொட்டுவிடலாம்.

மெல்லக் கற்கும் மாணவர்களுக்கான மாலை ஸ்பெஷல் கிளாஸில் நடப்பது இந்தப் பயிற்சிதான். பையன் முக்கோணம் வரைகிறான், கீழே ஒரு கதிரை இழுக்கிறான், காம்பஸை நகர்த்தி நகர்த்தி ஏழு வில் வெட்டுகிறான், மூன்றாவதைச் சேர்த்து ஏழாவதிலிருந்து இணைகோடு போடுகிறான். கை பிசகுவதில்லை. ஏன் ஏழு என்று கேட்டால், "சார் அப்படித்தான் வைக்கச் சொன்னாங்க" என்கிறான். வினாத்தாளில் விகிதம் மாறி வந்தால் பாவம், தடுமாறிப்போவான்.

ஆசிரியரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பையன் தேறினால் பாலிடெக்னிக் உண்டு, மேல்நிலைப் படிப்பு உண்டு. தேறாவிட்டால் ஜவுளிக்கடையோ லாரி செட்டோ. அவனுக்காகத்தான் அவர் மாலை ஆறு மணி வரை உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவர் தோளில் இன்னொரு சுமையும் இருக்கிறது. ரிசல்ட் வந்ததும் முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டும் ஆய்வுக் கூட்டம் அது. நூறு சதவீதம் காட்டிய பள்ளிக்குப் பாராட்டு. சதவீதம் குறைந்த பள்ளியின் தலைமையாசிரியர் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். பாட ஆசிரியரும் பதில் எழுத வேண்டும். இந்த அச்சம் பிள்ளைகள் தலையில்தான் இறங்குகிறது. எட்டு வரை ஃபெயில் கிடையாது, பத்தில் ரிசல்ட் விழக்கூடாது. ஆகவே ஒன்பதாம் வகுப்பு சல்லடை ஆகிறது. "டிசி வாங்கிட்டு வேற ஸ்கூல்ல சேர்த்துக்குங்க" என்று பெற்றோரிடம் சொல்லப்படுவதை அறியாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. அப்படி வெளியேறிய பிள்ளை எந்தச் சதவீதக் கணக்கிலும் வராது.

பள்ளியைத் தேர்ச்சிக் கணக்கால் அளப்பது இன்று பிறந்த வழக்கம் அல்ல. 1862-ல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிப்படி, ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லிப் பார்ப்பார். ஒரு பாடத்தில் தவறினால் அந்தப் பிள்ளைக்கான மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் போய்விடும். 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' என்ற இந்த ஏற்பாடு அந்தப் பத்தாண்டிலேயே சென்னை மாகாணத்துக்கும் வந்து திண்ணைப் பள்ளிகள் வரை நுழைந்தது. 1882-ல் ஹண்டர் கமிஷன் தொடக்கக் கல்விக்கு இதையே பரிந்துரைத்தது. ஆய்வாளர் கையில் எடுக்கும் புத்தகத்தைப் பிள்ளைகள் உருப்போட்டு ஒப்பித்தார்கள், அதற்கு வெளியே உள்ள எதையும் சொல்லித்தர வாத்தியாருக்கு நேரமில்லை. கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மேத்யூ ஆர்னால்டு இதை வன்மையாகக் கண்டித்தார். நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்து அதைக் கைவிட்டது. 1904-ல் கர்சன் அரசின் கல்வித் தீர்மானமும் இந்த முறையிலிருந்து விலகச் சொன்னது.

அமெரிக்கா நூறாண்டு கழித்து அதே வழியில் போனது. 2002 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம், 2014-க்குள் எல்லாக் குழந்தைகளும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. ஆண்டுதோறும் இலக்கை எட்டாத பள்ளிகளுக்குத் தண்டனை. விளைவாக, அட்லாண்டாவில் ஆசிரியர்களே மாணவர்களின் விடைத்தாளை அழித்துத் திருத்தினார்கள். 2011-ல் வெளியான விசாரணை அறிக்கை 178 பேரைக் குறிப்பிட்டது. 2015-ல் 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஒபாமா அந்தச் சட்டத்துக்குப் பதில் வேறொன்றைக் கொண்டுவந்து, பள்ளிகளை எப்படிச் சீர்செய்வது என்பதைப் பெருமளவு மாநிலங்களிடமே விட்டார்.

நம்மிடமும் நல்ல திருத்தங்கள் நடந்திருக்கின்றன. 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது பெரிய நிம்மதி. 2019 செப்டம்பரில் 5, 8-ஆம் வகுப்புகளுக்கு அறிவித்த பொதுத்தேர்வை, 2020 பிப்ரவரி 4 அன்று அரசு திரும்பப் பெற்றது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு என்பதை ஊர் ஏற்கவில்லை. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு, எட்டு வரை ஃபெயில் கிடையாது என்ற விதியை மாற்றியது. அதன்படி பொன்மலை கேந்திரிய வித்யாலயாவில் ஐந்தாம் வகுப்பில் மறுதேர்விலும் தவறிய குழந்தையை அதே வகுப்பில் நிறுத்தலாம். அடுத்த தெருவில் இருக்கும் மாநில அரசுப் பள்ளியில் நிறுத்த முடியாது.

தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2021 நவம்பர் 12 அன்று தேசிய அடைவு ஆய்வு நடந்தது. கொரோனாவால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக்கிடந்த நம் தொடக்கப் பள்ளிகள் திறந்து அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இடையில் தீபாவளி வேறு. ஒன்றாம் வகுப்புக்குப் பிறகு வகுப்பறையையே பார்த்திராத மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் இந்த ஆய்வு. மூன்றாம் வகுப்பில் தமிழ்நாடு தேசிய சராசரிக்குக் கீழே நின்றதில் வியப்பில்லை. ஆயினும் சரிவு உண்மை. அதற்கு மருந்தாகத்தான் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. வயதைப் பார்க்காமல், குழந்தை எதுவரை கற்றிருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது அதன் அடிப்படை. தேர்வின் சரியான பயன் இதுதான். பிறகு அதற்குள்ளும் செயலியில் பதிவேற்றம் புகுந்தது. பாடம் நடத்தும் நேரத்தை அது தின்கிறது என்று ஆசிரியர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். 1976-ல் 42-வது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு எடுத்துச் சென்றது. பள்ளிக் கல்விக்கான மத்திய திட்டமான சமக்ர சிக்ஷாவில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான 'பி.எம். ஸ்ரீ' ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததால் 2024–25-க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் நின்றது. அந்த ஒப்பந்தம் தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்கச் சொல்கிறது. 3, 5, 8-ஆம் வகுப்புத் தேர்வுகள் அந்தக் கொள்கையில் உண்டு. 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. பணம் வராததால், தனியார் பள்ளிகளில் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கான சேர்க்கை அந்த ஆண்டு அக்டோபர் வரை இழுத்தது. கொள்கையில் முரண்பட இரு அரசுகளுக்கும் உரிமை உண்டு. இதே நிதியிலிருந்து வரும், மாற்றுத்திறன் குழந்தைக்குச் சொல்லித்தரும் சிறப்பாசிரியரின் சம்பளத்தை அதற்குப் பணயமாக வைப்பது கொடுமை.

2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9-ஆம் வகுப்புகளுக்குத் தேசிய அடைவு ஆய்வின் புதிய வடிவமான 'பரக்' ஆய்வு நடந்து, அறிக்கையும் வந்துவிட்டது. ஈராசிரியர் பள்ளியில் இரண்டு பேர் ஐந்து வகுப்புகளையும், அதற்குள் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று அடுக்கையும் சமாளிக்க வேண்டும். அந்தநல்லூரிலோ துறையூரிலோ அப்படியொரு பள்ளியில் உங்கள் பிள்ளை படித்தால், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோராகிய நீங்கள் கேட்கலாம்: அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு இங்கே மூன்றாவது ஆசிரியரை எப்போது போடப்போகிறீர்கள்? பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.