கடனும் உத்தியோகமும்

பாங்கியில் உத்தியோகம் கோரும் இளைஞர் பரீக்ஷையில் தேறினால் மட்டும் போதாது. வாங்கிய கடனைத் தவணை தவறாது செலுத்தியவரா என்பதும் இன்று பார்க்கப்படுகிறது. கடன் வாங்கியோரின் நடத்தைக்கு 'சிபில்' என்னும் ஸ்தாபனம் 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகிறது. கடன் அறிக்கை பாதகமாயிருந்த ஒருவரின் நியமனத்தை ஸ்டேட் பாங்கு ரத்து செய்தது சரியே எனச் சென்னை ஹைகோர்ட் 2025-ம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

பிறர் பணத்தைக் காப்பவரிடம் நாணயம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கையில் பணமிருந்தும் கொடாதவன் வேறு. வேலையின்றிக் கொடுக்க இயலாதவன் வேறு. வெறும் மதிப்பெண் இவ்விருவரையும் பிரித்துக் காட்டாது.

கல்விக் கடன் பெற்றோர் நிலை மிகவும் பரிதாபகரமானது. படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்தால் பொதுவாகத் தவணை தொடங்கிவிடும். அதற்குள் உத்தியோகம் கிடைக்குமென்ற உறுதி யாதுமில்லை. தவணை தவறினால் மதிப்பெண் குறையும். மதிப்பெண் குறைந்தால் பாங்கி வேலை எட்டாது. வேலையின்றேல் கடன் தீரும் வழி எது?

விண்ணப்பம் செய்யக் குறைந்தபட்ச மதிப்பெண் தேவையில்லை என்று 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் லோக் சபையில் அறிவித்தது. இது ஓரளவு ஆறுதலே. எனினும், வேலையில் சேருமுன் பாக்கி இல்லையென்று கடன் கொடுத்தோரிடம் அத்தாட்சி பெறவேண்டுமாம். முதல் மாதச் சம்பளத்தைக் காணாதவன் பாக்கியை எங்ஙனம் தீர்ப்பான்?

தவறியதன் காரணத்தை விசாரிக்கட்டும். வறுமையே காரணமாயின் உத்தியோகத்தைக் கொடுத்து, சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்துக்கொள்ளட்டும். கடனும் வசூலாகும், ஒரு குடும்பமும் பிழைக்கும்.