ரயில் மேடையில் ஒலிக்கும் தமிழ்: குரல் கலைஞரின் வேலை

டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் மூன்று ரயில் பாதைகள் சந்திக்கின்றன. வடக்கு-தெற்குப் பாதை 1987ல் வந்தது, வடகிழக்குப் பாதை 2003ல், வட்டப் பாதை 2010ல். நம் ரயில் நிலையங்களில் பாதுகாப்பு அறிவிப்புகளை நான்கு மொழிகளிலும் கேட்டிருப்போம். பல ஆண்டுகளாக ஒலித்த ஆங்கிலக் குரல் வானீட்டா மெல்சன் என்ற குரல் கலைஞருடையது.

இத்தகைய அறிவிப்புகளைப் பெரும்பாலும் ஒரே மூச்சில் பதிவு செய்வதில்லை. நிலையப் பெயரைத் தனியாகவும் வாக்கியத்தைத் தனியாகவும் பேச வைத்து, பிறகு கணினியில் இணைக்கிறார்கள். அதனால் தொனியோ வேகமோ ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள தூரமோ மாறக்கூடாது. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘டோபி காட்’டுடன் ‘இல்’ சேர்ந்தால் ‘டோபி காட்டில்’ ஆகிவிடும். கேட்பவருக்குக் காடுதான் நினைவுக்கு வரும்! பெயரைத் தொடாமல் ‘நிலையத்தில்’ என்று அடுத்துச் சேர்ப்பதே வசதி.

விளம்பரத்திற்கு உற்சாகம் வேண்டும், ஆவணப்படத்திற்கு நிதானம். கார்ட்டூன் என்றால் வாயசைவோடு பொருந்த வேண்டும். ஆங்கில விளம்பரம் 30 வினாடி என்றால் தமிழுக்கும் அதே 30 வினாடிதான். மொழிபெயர்ப்பு நீண்டுவிட்டால் சொற்களைக் குறைக்க வேண்டும். வேகத்தைக் கூட்டினால் முதியவர்களுக்குப் புரியாது. மோசடி எச்சரிக்கை, மருத்துவத் தகவல் போன்றவற்றில் இது சின்ன விஷயமல்ல. தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டிக்கு அந்தக் குரலை விட்டால் வேறு வழியில்லை.

இப்போது கணினிக் குரல்களும் வந்துவிட்டன. செலவு குறைவுதான். ஆனால் எழுதிக் கொடுத்ததை அது அப்படியே வாசித்துவிடும். அறிவிப்புப் பலகைகளில் வரும் தமிழ்ப் பிழைகள் நமக்குப் புதிதல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தில், “இந்த வரி தமிழாக இல்லையே” என்று நிறுத்திக் கேட்க அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும்.