பழைய போட்டோஷாப்பை மாற்ற வேண்டுமா?

நம் சங்கத்து அன்பர்கள் சிலர் என்னிடம் கல்வெட்டு பற்றிக் கேட்பார்கள். அதைவிட அதிகம் பேர் கம்ப்யூட்டர் பற்றிக் கேட்பார்கள். கல்வெட்டுப் படங்களையும் ஏட்டுச் சுவடிப் படங்களையும் இருபது வருஷத்துக்கு மேலாக நான் போட்டோஷாப்பில் போட்டுத் துலக்கிப் படித்து வருகிறேன் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில் பல வீடுகளின் கல்யாணப் படங்களையும் ஊர்க்கோயில் குடமுழுக்குப் படங்களையும் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறேன். நான் கணினிப் படிப்புப் படித்தவன் அல்லன். கடையில் கணக்கு எழுதுகிறவன். எனவே இந்தக் கட்டுரையையும் ஒரு கணக்காகவே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது போட்டோஷாப் 7. அது வெளிவந்தது 2002-இல். சென்ற வருஷம் வரை அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. என் பெட்டியோ விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய பெட்டி. புதுப் பெட்டி வாங்கியே தீர வேண்டும் என்றானதும் என் மகள், "அப்பா, பெட்டியை மாத்தறீங்க சரி, உள்ளே இருக்கிற அந்த மியூசியத்தையும் மாத்திடுங்க" என்றாள். மாத்தணுமா, வேண்டாமா? மூன்று வாரம் யோசித்தேன்.

முதலில், பழையதால் என்ன குறை என்று பார்ப்போம். நம் வீடுகளில் உள்ள பழைய படம் பெரும்பாலும் 4 அங்குலத்துக்கு 6 அங்குலம். அதை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 2,400-க்கு 3,600, அதாவது 86 லட்சத்து 40 ஆயிரம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால் சுமார் 26 எம்.பி. இந்தச் சுமையைப் போட்டோஷாப் 7 சிரமமில்லாமல் தாங்கும். கீறல், பூஞ்சைக் கறை, மடிப்புத் தழும்பு இவற்றை நீக்க வேண்டிய 'ஹீலிங் பிரஷ்' என்னும் கருவி அறிமுகமானதே 7-ஆம் பதிப்பில்தான். நிறத்தைத் திருத்தும் அடுக்குகள் 1996-இன் 4-ஆம் பதிப்பிலிருந்தே உண்டு. ஆகவே பாட்டியின் படத்தைச் சுத்தம் செய்வதற்காக மட்டும் புதியதை வாங்க வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. 2017-க்குப் பிறகு வந்த ஐபோன்கள் 'ஹெச்.இ.ஐ.சி.' என்ற வகையில் படங்களைச் சேமிக்கின்றன. பழைய போட்டோஷாப் அதைத் திறக்காது. இதற்காக மென்பொருளை மாற்ற வேண்டாம். போனின் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தொட்டுவிட்டால் அதன்பின் எடுக்கும் படங்கள் ஜேபெக் ஆகவே வரும். பெரிய கேமராவின் 'ரா' படங்கள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அடோபி இலவசமாகத் தரும் டி.என்.ஜி. கன்வெர்ட்டர் புதிய கேமராவின் படத்தைப் பொதுவான ஒரு வகைக்கு மாற்றிக் கொடுக்கும். 2012-இல் வந்த சி.எஸ். 6 பதிப்பு வைத்திருப்பவர்கள் பலர் இந்த வழியில்தான் காலம் தள்ளுகிறார்கள்.

தமிழ் எழுத்துத்தான் பெரிய சிக்கல். போட்டோஷாப் 7-இல் யூனிகோட் தமிழைத் தட்டினால் கொம்பும் கொம்புக்காலும் இடம் மாறி நிற்கும். 'கொ' என்பது சிதறிப்போகும். அதனால்தான் நம் ஊர் டி.டி.பி. கடைக்காரர்களும் ஸ்டூடியோக்காரர்களும் டாம், டாப் முதலிய பழைய எழுத்துருக்களைக் கொண்டே வேலை செய்தார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி அந்த இரண்டு முறைகளும் தரமாக்கப்பட்டன. அவற்றில் வேறு எழுத்துக்கான இருக்கையில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இருக்கும்வரை தமிழ். இல்லாவிட்டால் வெறும் கிறுக்கல். நான் துலக்கிய ஒவ்வொரு கல்வெட்டுப் படத்தின் மேலும் என் வாசகத்தை இந்த முறையில்தான் எழுதி வைத்திருக்கிறேன். புதிய போட்டோஷாப்பில் தென்னாசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்துகொண்டால் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வரும். ஆனால் பழைய கோப்பைத் திறந்தால் எழுத்துரு காணோம் என்று எச்சரிக்கும். அந்த அடுக்கில் கை வைத்த மறுநிமிஷம் வாசகம் கலைந்துபோகும். போதாததற்கு, 'டைப்-1' வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. பழைய தமிழ் எழுத்துருக்களில் அந்த வகையும் உண்டு.

ஆகக்கூடி, மாற்றாவிட்டால் புதுத் தமிழ் எழுத முடியாது, மாற்றினால் பழைய தமிழைப் படிக்க முடியாது. வேலைப்பாட்டை விட இந்த முடிச்சுத்தான் என்னை மூன்று வாரம் உட்கார வைத்தது.

இனிப் பணக் கணக்கு. 2013 வரை போட்டோஷாப்பை விலைக்கு வாங்கலாம். அந்த வருஷம் மே மாதம் அடோபி இனிப் புதுப் பதிப்புகள் சந்தாவுக்கு மட்டுமே என்று அறிவித்தது. விலைக்கு வாங்கக்கூடியதாக வந்த கடைசிப் போட்டோஷாப் சி.எஸ். 6. கடை வைத்திருக்கிறவனுக்கு வாடகைக் கடைக்கும் சொந்தக் கடைக்கும் உள்ள பேதம் தெரியும். ஒரு பேச்சுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இருபது வருஷத்துக்கு 240 தவணை, 2,40,000 ரூபாய். என் போட்டோஷாப் 7-க்கு ஒரே தவணைதான். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும்: விலைக்கு வாங்கியவர்களும் ஒன்றரை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அப்கிரேடுப் பணம் கட்டத்தான் செய்தார்கள். நான் கட்டவில்லை, அவ்வளவுதான். சந்தாவில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மாசாமாசம் பணம் எடுத்தாலும் அது ஓராண்டு ஒப்பந்தமாக இருக்கலாம். நடுவில் நிறுத்தினால் மீதிக்கு ஒரு பகுதி கட்ட வேண்டிவரும். எந்தத் திட்டம் என்று படித்துப் பார்த்துவிட்டு அமுக்குங்கள்.

விலைக்கு வாங்கியது என்றாலும் என்றென்றைக்கும் சொந்தம் என்று நினைத்துவிடக் கூடாது. 2003-இன் சி.எஸ். பதிப்பிலிருந்து விண்டோஸில் நிறுவும்போது அடோபியின் அனுமதி பெற வேண்டும் என்றானது. சி.எஸ். 2, சி.எஸ். 3 ஆகியவற்றுக்கு அனுமதி தந்த கணினிகளைப் பிற்பாடு மூடிவிட்டார்கள். 2013 ஜனவரியில், ஏற்கெனவே பணம் கொடுத்தவர்களுக்காக அனுமதி கேட்காத சி.எஸ். 2-ஐ இணையத்தில் வைத்தார்கள். போட்டோஷாப் இலவசமாகிவிட்டது என்று உலகம் முழுக்கச் செய்தி பரவி, ஆளாளுக்கு இறக்கிக்கொண்டார்கள். வாங்காதவன் எடுத்தால் அது களவுதான். இங்கே லேமிங்டன் ரோட்டில் ஒரு காலத்தில் நடைபாதையிலேயே கள்ள சி.டி. கிடைத்தது, கள்ளாமை நோன்பு சொல்லும் குடியில் பிறந்தவன் அதைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். என்னுடைய 7-ஆம் பதிப்போ அனுமதி கேட்கும் முறை வருவதற்கு முந்தியது. வட்டும் எண்ணும் இருந்தால் போதும். பழையதாக இருந்தது இந்த ஒரு விஷயத்தில் எனக்கு லாபம்.

புதியதில் உள்ள புதுமை பற்றியும் சொல்ல வேண்டும். 2010-இன் சி.எஸ். 5 பதிப்பில், அழித்த இடத்தைச் சுற்றியுள்ளதைப் பார்த்துத் தானே நிரப்பும் வசதி வந்தது. 2023-இல் செயற்கை நுண்ணறிவால் இல்லாததை உண்டாக்கி நிரப்பும் வசதி வந்தது. கிழிந்துபோன கல்யாணப் படத்தில் பந்தல் மூலை காணாமல் போயிருந்தால் இது அற்புதம். ஆனால் மனுஷ முகத்தில், எழுத்தில், நகையில் இதை விடாதீர்கள். பாட்டியின் காதில் இருந்தது கம்மலா தோடா என்று அந்த மென்பொருளுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் சொல்லாது.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கிய பாறை இருக்கிறது. அங்கே சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் நிசீதிகைக் கல்வெட்டு உண்டு. தமிழ் 'ஐ' எழுத்தின் பழைய வடிவத்துக்காக எழுத்தாராய்ச்சி செய்வோர் அதைக் காட்டுவார்கள். அந்த 57 என்பது எண்ணாக இல்லை, எழுத்தாக இருக்கிறது. இப்படி ஒரு கல்லில் ஓரெழுத்து பொரிந்துபோய், அதை ஒரு மென்பொருள் தன் ஊகத்தால் நிரப்பினால், ஒரு துறவியின் நோன்பு நாளே மாறிப்போகும். பிறகு அந்தப் படத்தை வைத்து ஒருவர் கட்டுரை எழுதுவார்.

பழைய மென்பொருள் நிரபராதி என்று சொல்ல வரவில்லை. ஒரு வட்டெழுத்துக் கல்லின் படத்தில் தூசி நீக்கும் வடிகட்டியைக் கொஞ்சம் தாராளமாக ஓட்டிவிட்டேன். கல் பளிச்சென்று வந்தது. ஒரு மாதம் கழித்து மூலப் படத்தைப் பார்த்தால், மெய்யெழுத்தின் மேல் இருந்த புள்ளி ஒன்று தூசியோடு தூசியாகப் போயிருந்தது. பழைய வட்டெழுத்தில் புள்ளி கிடைப்பதே அபூர்வம்! தப்பு முழுக்க என்னுடையது. மூலப் படம் தனியாக இருந்ததால் தப்பித்தேன். பழையது உள்ளதை அழிக்கும். புதியது இல்லாததைச் சேர்க்கும். இரண்டாவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

(மங்கிய பாறை ஓவியம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்குப் போட்டோஷாப்பின் பழையதும் வேண்டாம், புதியதும் வேண்டாம். இமேஜ்-ஜே என்ற இலவச மென்பொருளோடு சேரும் டி-ஸ்ட்ரெட்ச் என்ற கருவி இருக்கிறது. ஜான் ஹார்மன் என்பவர் செய்தது. கண்ணுக்குத் தெரியாத செங்காவிக் கோட்டை அது பிரித்துக் காட்டும்.)

நான் கடைசியில் செய்தது இதுதான். பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடவில்லை. நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, போட்டோஷாப் 7-ஐயும் பழைய எழுத்துருக்களையும் அதிலேயே வைத்திருக்கிறேன். தினம் நாலு கோப்பைத் திறந்து, தட்டையாக்கிய ஒரு டிஃப் பிரதி எடுக்கிறேன்; மேலே எழுதிய வாசகத்தை யூனிகோடில் தனியாகத் தட்டிச் சாதாரண உரைக் கோப்பாக வைக்கிறேன். டிஃப் என்பது 1992-இல் 6-ஆம் வடிவம் கண்டு அதோடு நிலைத்துவிட்ட வகை. எந்த மென்பொருளும் திறக்கும். புதுப் பெட்டியில் கிம்ப் போட்டிருக்கிறேன். இலவசம், 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தது; யூனிகோட் தமிழ் அதில் கோணாமல் வருகிறது. பி.எஸ்.டி. கோப்பையும் திறக்கும். ஆனால் எழுத்தடுக்கு வெறும் படமாகத்தான் வரும். பழகுவதற்கு எனக்கு ஒன்றரை மாசம் பிடித்தது. கை இன்னும் பழைய சாவிகளையே தேடுகிறது.

ஸ்டூடியோ வைத்துப் பிழைப்பவர்கள், தினமும் புதுக் கேமராவின் படங்களோடு வேலை செய்பவர்கள், அச்சகத்தோடு கோப்புகளைப் பரிமாறிக்கொள்பவர்கள் சந்தா கட்டுவதுதான் சரி. அவர்களுக்கு அது தொழில் செலவு. வருஷத்துக்குப் பத்துப் படம் சரிசெய்யும் வீட்டுக்காரருக்கு வேண்டாம். சி.எஸ். 6 ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும், ஆனால் அது ஓடும்போதே டிஃப் பிரதிகளை எடுத்துவிடுங்கள்.

என் மகளிடம் இதைச் சொன்னபோது, "ஒரு பெட்டியை மாத்தப் போய் ரெண்டு பெட்டி ஆயிடுச்சே அப்பா" என்றாள். உண்மைதான். இனி என்னிடம் பழைய கோப்பு கொண்டுவருகிறவர்கள் தயவுசெய்து அதோடு எழுத்துருக் கோப்பையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். எழுத்துரு இல்லாமல் வந்த கல்யாணப் பத்திரிகைகளோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் பாதி போய்விடுகின்றன.